பொன்னிலைச் சூரணம் அனுப்பாத காரணம்

கடல் தன் கரையை மதித்து நிற்கும் நாளெல்லாம் நன்மை நிலைபெறுக.

முத்தும் சங்கும் விளையும் ஆழிமுனை நாட்டை, இளங்கோமகனார் முடிசூடும் பருவம் எய்தும்வரை தாயாகவும் காவலாகவும் இருந்து தாங்கியருளும் பெருந்தேவி நீலவல்லி நாச்சியாரின் திருமுன்பு, வெண்கடம்ப நாடுடைய நிலந்தாங்கு பெருமானடிகள் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் கீழைப்பொழிலூருடையான் நக்கன் அரவணையான் எழுதி விடுக்கும் ஓலை. தேவியார் நலம், இளங்கோமகனார் நலம், துறையும் நாவாயும் குடிகளும் நலம் என்று தொடங்குவதே ஓலை எழுதும் முறை. இம்முறை அவ்வரிக்கு வந்ததும் எழுத்தாணி நின்றுவிட்டது. நலமில்லை என்று அறிந்துகொண்டே நலம் என்று எப்படி எழுதுவது? ஆகவே நலம் ஆகுக என்று வேண்டி எழுதினோம். தேவியார் பொறுத்தருள்க.

தங்கள் தூதர் நாகன் திரையர் பெருநாவாயோடு எம் துறைக்கு வந்து, மழைக்குப் பின் தங்கள் துறைமுகச் சேரியில் கழிச்சற்காய்ச்சல் புகுந்ததையும், வீட்டுக்கு வீடு ஆள் விழுவதையும், வெண்கடம்ப நாட்டுப் பொன்னிலைச் சூரணம் அந்நோயை ஓட்டும் என்று கேள்விப்பட்டு நாவாய் கொள்ளுமளவு சாடிகளில் அதனை வேண்டுவதையும் தேவியாரின் முத்திரையோடு எமக்கு உரைத்தார். அந்நாவாய் இன்று திரும்பி வருகிறது. அதில் ஒரு சாடிச் சூரணமும் இல்லை. இவ்வரியோடு சினந்து ஓலையை வீசிவிடாமல், கடைசி வரி வரை படித்தருள வேண்டுமென்று கைகூப்பிக் கேட்கிறோம். இக்கதை எம்முடையதன்று, எம் அரண்மனை மருத்துவத் தலைவி சாத்தன் கோதையாருடையது. ஆகையால் அவரைப் பற்றியே எழுதுகிறோம்.

கோதையார் யார் என்றால், அந்தச் சூரணத்தை இடித்துச் சலித்து முதன்முதலில் நோயாளியின் நாவில் வைத்தவர். அதற்குப் பத்தியம் வகுத்தவரும் அவரே. அவருடைய ஒரே மகள் உமையாள், தங்கள் துறையில் கலம் கட்டுவோர் தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சேந்தன் என்று ஒரு பேரக்குழந்தை. தூதர் நோயின் செய்தியை அவையில் சொல்லி முடிக்கும் முன்னமே கோதையார் எழுந்து அவர் முன் வந்துவிட்டார். எந்தத் தெரு, எந்தத் தெரு என்று இருமுறை கேட்டார். தூதருக்குத் தெரியவில்லை. அன்று முதல் அந்த அம்மையார் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்போல் அலைந்ததை இந்நகரமே கண்டது. சூரணம் உடனே போக வேண்டும் என்று விரும்பியவர்களில் அவரைவிட அதிகம் விரும்பியவர் எவருமில்லை. தங்கள் தூதரும் இரண்டாமவரே.

பெருமானடிகள் ஒன்றுமட்டும் கேட்டார். நம் குடிகளுக்கு நம் மருந்து தவறிப்போனால் நாம் அவர்கள் முன் நின்று விடை சொல்லலாம். அடுத்த நாட்டுக் குழந்தைக்குத் தவறிப்போனால் யார் போய் நிற்பது என்று கேட்டார். ஆகவே இச்சூரணத்தைப் பற்றி நாம் அறிந்தது அனைத்தையும், விரும்பியதும் விரும்பாததும் ஒருசேரத் திரட்டி, எடைபோட்டுப் பார்த்தபின் அனுப்புக என்று ஆணையிட்டார். வாடைக்காற்று இருக்கும்வரைதான் நாவாய் தெற்கே ஓடும். தூதர் பல்லைக் கடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் யாமும் கடித்துக்கொண்டோம். நோய் வீட்டில் நெருப்பாய் எரியும்போது ஏட்டைப் புரட்டுவதா என்றுதான் எமக்கும் தோன்றியது.

கோதையார் எமக்கு முதலில் ஒரு தொல்லை கொடுத்தார். சூரணம் நல்லதா என்று கண்டுசொல்லுங்கள் என்று யாம் கேட்டதற்கு, அது ஒரு கேள்வியே அல்ல என்றார். யாருக்கு நல்லது, முதியவர்க்கா, பால்குடி மறந்த குழந்தைக்கா? எதைவிட நல்லது, வேறு மருந்தைவிடவா, வெறுங்கஞ்சியைவிடவா? எதைக் கண்டால் நல்லது என்போம், காய்ச்சல் தணிவதையா, மாதம் கழித்து ஆள் உயிரோடு நடமாடுவதையா? இவற்றையெல்லாம் முதலில் ஓர் ஓலையில் எழுதி, ஓர் ஓலைக்கட்டையும் அவிழ்க்கும் முன்பே பெருமானடிகளின் முத்திரையை அதில் இடச் செய்தார். எதற்கு இத்தனை கெடுபிடி என்று யாம் முனகினோம். விடை தெரிந்தபின் கேள்வியை மாற்றிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்குத்தான் முதலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து, தம் மருந்தைத் தாமே நிறுத்தால் தராசுத் தட்டில் தம் விரலும் இருக்கும் என்று, துணைக்கு வைத்தியர் காரி விடங்கரைக் கேட்டுப் பெற்றார். விடங்கருக்கும் கோதையாருக்கும் நெடுநாளாகவே ஏழாம் பொருத்தம். பொன்னிலை வெறும் மாட்டுத்தீனி என்று சந்தியில் நின்று சொன்னவர் அவர். இருவரும் தனித்தனி மண்டபத்தில் அமர்ந்து, அதே ஓலைகளை ஒருவர் முடிவை ஒருவர் அறியாமல் படிப்பது, பின் ஒப்பிடுவது, ஒவ்வாத இடத்தில் யாம் நடுவிருப்பது என்று ஏற்பாடு. விடங்கர் வரும்போது வாயெல்லாம் பல்லாக வந்தார். அவர் தேடியது கிடைக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்வோம்.

எம் ஆவணக் களரியில் சூரணத்தைப் பற்றி ஊர்களிலிருந்து வந்த ஓலைகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மூலையில் மஞ்சள் பூசியிருந்தது. ஒவ்வொன்றும் இன்னார் படுத்தார், சூரணம் உண்டார், எழுந்தார் என்றது. மருதங்குடிக் கிழவர் ஒருவர் எழுந்ததை அவரும் எழுதியிருந்தார், மருமகனும் எழுதியிருந்தான், ஊர்ச்சபையாரும் எழுதியிருந்தார்கள். அம்மனிதர் ஒருமுறை நோயுற்று மூன்றுமுறை பிழைத்திருக்கிறார், பெரிய வரம் வாங்கி வந்தவர் என்று விடங்கர் கேலி செய்தார். அவ்வாறு இருமடங்காகவும் மும்மடங்காகவும் கிடந்தவற்றைக் கழித்தபோது கட்டுகள் இளைத்தன. ஆயினும் மீந்தவை எல்லாமே நற்செய்திகள். சூரணம் உண்டு இறந்தவர் ஒருவர்கூட இல்லை. விடங்கர் முகத்தில் ஈயாடவில்லை. தூதர் எழுந்து நின்று, சாடிகளைத் துறைக்கு ஏற்றச் சொல்லி ஆட்களை ஏவினார். யாமும் தலையசைத்தோம்.

கோதையார் ஒருவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மகிழ வேண்டியவர் அவர்தாம். அவர் மருந்து, அவர் புகழ், அவர் மகள் வாழும் ஊர். ஆனால் மருத்துவத்தில் நரைத்தவர் அல்லவா? ஒருவரும் சாகாத மருந்து என்று ஒன்று உலகில் உண்டா, தேனைக் கொடுத்தாலும் சிலர் சாவார்களே என்று தமக்குள் சொல்லிக்கொண்டே கோட்டை மதிலின்மேல் இங்குமங்கும் நடந்தார். உட்காருங்கள் என்று விடங்கரே சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி நடந்தார்.

அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். நண்பகல் வெயிலில், அகழிக்கு அப்பால், ஊர்ச்செய்தி கொண்டுவந்த ஓட்டன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையில் மூலை கரி பூசிய ஓலை. இவ்விடத்தில் எம் நாட்டு வழக்கத்தைத் தேவியாருக்குச் சொல்ல வேண்டும்; தங்கள் நாட்டிலும் இதுவே என்று அறிகிறோம். நற்செய்திக்கு மஞ்சள், சாவுச் செய்திக்குக் கரி. கரி பூசிய ஓலை கோட்டை வாயிலைக் கடக்கலாகாது. ஓட்டன் அகழிக்கரையில் நின்று அதை வாய்விட்டுப் படிப்பான். வாயிற்காவலன் கேட்டோம் என்று ஒரு சொல் சொல்வான். ஓட்டன் ஓலையைக் கிழித்து நீரில் இட்டுத் தலைமுழுகிப் போவான். வீட்டில் சாவோலை வைத்திருந்தால் சாவு தங்கிவிடும் என்பது எல்லோரும் பிறந்தது முதல் அறிந்தது. கோதையார் இக்காட்சியை எத்தனையோ முறை கண்டவர். அன்றுதான் பார்த்தார்.

மதிற்படிகளில் அவர் இறங்கிய வேகத்தில் மேலாடை முள்வேலியில் மாட்டிக் கிழிந்தது. அதற்குள் ஓட்டன் ஓலையைக் கிழித்து நீரில் இட்டுப் போய்விட்டிருந்தான். வாயிற்காவலன் ஒற்றியூரனிடம் போய், எந்த ஊர், யார் இறந்தது, என்ன மருந்து உண்டார் என்று மூச்சு வாங்கக் கேட்டார். அவன் சொன்னதை அவைத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே எழுதுகிறோம்.

“கேட்டதும் மறந்துடணும்கிறதுதானேம்மா இங்க முறை? நான் மறந்துட்டேன். இந்த மழைக்கு மட்டும் எத்தனை வந்துச்சுன்னா கேக்குறீங்க? தண்ணிய பாருங்க.”

அகழி நீரின்மேல் கிழிந்த ஓலைத் துணுக்குகள் பாசியோடு பாசியாக ஒதுங்கிக் கிடந்தன.

தேவியார் அறிக. நாங்கள் திரட்டியது பொய் அன்று. ஒவ்வொரு மஞ்சள் ஓலையும் மெய்யே. ஆனால் பிழைத்தவர்கள் வாயில் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். பிழையாதவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். உள்ளே வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, பாருங்கள், எல்லோரும் பிழைத்தார்கள் என்று கூத்தாடினோம். இதைக் கோதையார் அவையில் வந்து சொன்னபோது எம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஏற்றிய சாடிகளை இறக்குங்கள் என்றார். தூதர் திரையர் வெகுண்டு, தம் நாட்டில் குழந்தைகள் வாடும்போது இவ்வம்மையார் அகழியில் குப்பை பொறுக்குகிறார் என்று உரத்துச் சொன்னார். கோதையார் அவரைச் சினக்கவில்லை. என் பேரனும் அந்தக் குழந்தைகளில் ஒருவன் என்று மெல்லச் சொன்னார். அதன்பின் தூதர் நாள்தோறும் துறைக்குப் போய்க் கொடித்துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவந்தார்.

கிழிந்த ஓலை ஒட்டாது. ஆகவே ஆட்களை அனுப்பினார்கள். மஞ்சள் ஓலை வந்த ஊர்களுக்கு மட்டுமல்ல. ஓர் ஓலையும் வராத ஊர்களுக்கும் போக வேண்டும் என்றார் கோதையார். சொல்ல ஒன்றுமில்லாத ஊரும் சொல்ல மனமில்லாத ஊரும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் என்றார். வீட்டுக்கு வீடு சென்று இந்த மழையிலும் சென்ற மழையிலும் படுத்தவர் யார், சூரணம் உண்டாரா, உண்ணாமல் கஞ்சி மட்டும் குடித்தாரா, மாதம் கழித்து நடமாடினாரா என்று முத்திரையிட்ட கேள்விகளை மட்டுமே கேட்க வேண்டும். எந்த விடையை அரண்மனை விரும்புகிறது என்பதைக் கண்ணிலும் காட்டலாகாது. சூரணம் உண்டவரைக் கேட்கப் போனவன், உண்ணாதவரையும் அதே பொறுமையோடு கேட்க வேண்டும்.

சாவைப் பற்றிக் கேட்டால் முதலில் கதவைச் சாத்தினார்கள். அரண்மனை ஆள் வாசலில் நின்று செத்தவர் பெயரைக் கேட்பது எங்காவது உண்டா? ஓரூரில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். விடங்கரே ஒரு குதிரையில் ஏறிப்போனார். அவர் வழியில் ஒரு தவறு செய்தார். சூரணம் உண்டு பிழைத்ததாகச் சொன்ன சிலரை, இவர்களுக்கு வந்தது அந்நோயே அன்று என்று சொல்லிக் கணக்கிலிருந்து நீக்கப் பார்த்தார். அவர் களரிக்குத் திரும்பியபோது, சூரணம் உண்டு இறந்தவருக்கும் அதே கேள்வியைக் கேட்டீரா என்றார் கோதையார். கேட்கவில்லை. அப்படியானால் இருவரையும் வையும் அல்லது இருவரையும் நீக்கும் என்றார். தம் மருந்தைக் காக்கச் சொல்கிறார் என்று விடங்கர் சீறினார். பிறகு தனியே வைத்திருந்த கோதையாரின் ஓலையைப் பார்த்தார். அதில் அவர், தம் மருந்துக்கு ஆதரவாக இருந்த நான்கைந்து நல்ல ஓலைகளை, நோயின் அடையாளம் தெளிவாக எழுதப்படவில்லை என்று தாமே விலக்கியிருந்தார். விடங்கர் தாம் நீக்கிய பெயர்களைத் திரும்பச் சேர்த்துவிட்டு மறுபடி குதிரை ஏறினார்.

செய்திகள் வரவர, கோதையாரின் நடை நின்றது. அதைக் கண்டு யாம் இன்னும் அஞ்சினோம். பெரியவர்களில், சூரணம் உண்டோரும் கஞ்சி மட்டும் குடித்தோரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள். பத்துக்கு ஏழு பேர் அங்கும், பத்துக்கு ஏழு பேர் இங்கும். எந்தச் சூரணமும் எட்டாத அளக்கர்ப் பாக்கம் என்னும் உப்பள ஊரில், வைத்தியரே இல்லாத ஊரில், உப்பிட்ட நொய்க்கஞ்சியை விடாமல் குடித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எழுந்து நடந்திருந்தார்கள். ஓரூரை வைத்து அவ்வூர் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன் என்று கோதையார் உடனே தடுத்தார். ஆனால் குழந்தைகளின் கணக்கு வந்தபோது தடுக்க ஒன்றுமில்லை. சூரணம் உண்ட சிறுவரில் இறந்தவர், உண்ணாத சிறுவரில் இறந்தவரைவிட மிகுதி. ஊருக்கு ஊர் அவ்வாறே.

ஏன் என்று கேட்கத் தேவையில்லாமல் அவருக்கு விளங்கிவிட்டது. பொன்னிலைச் சூரணத்துக்குப் பத்தியம், உப்பு கூடாது, நீர் அருந்தலாகாது. கழிச்சலில் வறண்டு கிடக்கும் குழந்தை உப்புக்கஞ்சி கேட்டு அழும்; தாய், பத்தியம் கெட்டால் மருந்து வேலை செய்யாதே என்று கல்மனத்தோடு மறுப்பாள். அந்தப் பத்தியத்தை வகுத்தவர் கோதையார். அவர் களரியின் தரையில் உட்கார்ந்து அழுதார். யாம் அருகே போகவில்லை. விடங்கர்தாம் போய் உட்கார்ந்தார். மாட்டுத்தீனி என்று அவர் சொல்லக் காத்திருந்த நாள் அது. அவர் நீர்க்குவளையை நீட்டினார், அவ்வளவே.

அவை கூடியது. கோதையார் எழுந்து முடிவைப் படித்தார். பெரியவருக்குச் சூரணம் கஞ்சியைவிட மிகுதியாக உதவுவதாகக் காணவில்லை. இதில் ஐயம் குறைவு. சிறுவருக்குத் தீங்கு செய்வதாகக் காண்கிறோம். தீங்கு சூரணத்தாலா பத்தியத்தாலா என்பதில் ஐயம் உண்டு, இன்னும் செய்தி வந்தால் இம்முடிவு மாறலாம். மாறலாம் என்று சொல்லவே இவ்வரியையும் சேர்த்து எழுதினேன் என்றார். தூதர் திரையர் தலையில் கைவைத்துக்கொண்டார். வெறுங்கையோடு எப்படித் திரும்புவேன், தேவியாரிடம் என்ன சொல்வேன் என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை.

அந்நேரத்தில் கரைவழி ஓட்டன் ஒருவன் அவைக்குள்ளேயே ஓடிவந்தான். அவன் கையில் மஞ்சள் பூசிய ஓலை. தங்கள் துறையிலிருந்து, கலம் கட்டுவோர் தெருவிலிருந்து, உமையாள் தன் தாய்க்கு எழுதியது. கோதையார் அதை வாங்கிப் பிரித்தார். படித்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார். சேந்தனுக்குக் கழிச்சற்காய்ச்சல் வந்ததாம். தான் மணமாகிப் போகும்போது தாய் கட்டிக்கொடுத்த மருந்துப்பையில் இருந்த பொன்னிலைச் சூரணத்தை உமையாள் கொடுத்தாளாம். குழந்தை எழுந்து உட்கார்ந்து விளையாடுகிறானாம்.

அவை கொந்தளித்தது. தூதர் துள்ளி எழுந்தார். இதைவிட என்ன சான்று வேண்டும், மருந்து செய்தவரின் பேரனே பிழைத்திருக்கிறானே, ஏற்றுங்கள் சாடிகளை என்றார். அவையினர் பலரும் ஆமாம் என்றார்கள். உண்மையை மறைக்க மாட்டோம். எம் உள்ளமும் ஆடிவிட்டது. அத்தனை ஊர்களின் கணக்கும் கண்முன் இருக்க, அந்த ஒற்றை மஞ்சள் மூலை எம்மை இழுத்துக்கொண்டு போயிற்று.

கோதையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓலையை விடங்கரிடம் நீட்டினார். இது என் பேரனைப் பற்றியது. இதை எடைபோட நான் தகுதியுடையவள் அல்லள், நீங்கள் முழுதும் படித்து எந்தக் கட்டில் சேர வேண்டுமோ அதில் சேருங்கள் என்றார். தூதரைப் பார்த்துச் சொன்னது மட்டும் அவர் சொற்படியே:

“என் பேரன் பிழைச்சான். இந்தச் சந்தோஷத்தை யாரும் என்கிட்டேருந்து பிடுங்க முடியாது. ஆனா ஐயா, இது ஒரே ஒரு ஓலை.”

விடங்கர் அதை உரக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. கோதையார் மகிழ்ச்சியில் அவ்வரி வரை படிக்கவில்லை போலும். உமையாள் எழுதியிருந்தது இது: மீந்த சூரணத்தில் பாதியை அடுத்த வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்தேன் அம்மா, அவளைப் பற்றி இந்த மஞ்சள் ஓலையில் எழுதலாகாது.

தூதர் மெல்ல உட்கார்ந்தார். சேந்தனின் ஓலை எம் நாட்டுக்கு வந்து, வாயில் கடந்து, அவை நடுவே நிற்கிறது. அடுத்த வீட்டுச் சிறுமிக்கு ஓலையே இல்லை. கோதையார் ஓலையைத் திரும்ப வாங்கி அக்கடைசி வரியைப் படித்தார். பின் கேட்டார்:

“அவ பேரு என்ன?”

யாருக்கும் தெரியவில்லை.

பெருமானடிகள் அன்றே இரண்டு ஆணை பிறப்பித்தார். இனி இந்நாட்டில் கரி பூசிய ஓலை கோட்டைத் தலைவாயில் வழியே, விளக்கேற்றி வரவேற்கப்பட்டு, மஞ்சள் ஓலைக்கு முன்னால் உள்ளே வரும். களரியில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்படும். காவலன் ஒற்றியூரன் இனி கேட்டதை மறக்கலாகாது. கிழவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். பொன்னிலைச் சூரணமோ, ஐயம் தெளியும்வரை எம் நாட்டிலும் சிறுவருக்குக் கொடுக்கப்படாது.

ஆகவே தேவியார், தங்கள் நாவாயில் சாடிகளுக்கு மாற்றாக நொய்யரிசி மூட்டைகளை ஏற்றியிருக்கிறோம். உப்பைத் தங்கள் நாட்டுக்கு அனுப்பி நகைப்புக்கு ஆளாக மாட்டோம். அது தங்களிடமே குன்று குன்றாக இருக்கிறது. காய்ச்சிய நீரில் நொய்யை வேகவைத்து உப்பிட்டு, நோயுற்றவர் வாந்தியெடுத்தாலும் சிறுகச் சிறுக விடாது ஊட்டச் செய்க. எந்த மருந்துக்காகவும் குழந்தைக்குக் கஞ்சியை மறுக்கலாகாது என்று தங்கள் முத்திரையோடு பறையறிவிக்க வேண்டும். கடல் உண்டாக்கிய நாட்டில் வேறு மருந்துகளும் இருக்கலாம். தங்கள் வைத்தியர்கள் அவற்றைப் புகழ்ந்து வருவார்கள். அவர்களிடம் முதலில் கேள்வியை எழுதி முத்திரையிடச் சொல்க. மருந்தைச் செய்தவர் ஒருவரும் அதை வெறுப்பவர் ஒருவரும் தனித்தனியே எடைபோடட்டும். ஒருவர் மூன்றுமுறை பிழைத்திருக்கிறாரா என்று பார்க்கட்டும். ஓலை வராத தெருவுக்கு முதலில் போகட்டும். முடிவை எழுதும்போது எவ்வளவு உறுதி, எவ்வளவு ஐயம் என்பதை மறைக்காமல் எழுதட்டும். இவ்வளவும் செய்ய நாள் பிடிக்கும். அந்த நாட்களில் கஞ்சியை நிறுத்த வேண்டாம்.

கோதையாரும் இதே நாவாயில் வருகிறார். தடுத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. வாடை தணியத் தொடங்கிவிட்டது, தூதர் துறையில் நின்று கூவிக்கொண்டிருக்கிறார், நாவாயின் கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே ஆட்கள் இவ்வோலை முடிவதற்காகக் காத்திருக்கிறார்கள். அந்த அம்மையார் கரை இறங்கியதும் முதலில் பேரனைப் பார்க்கப் போவார். அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர் அங்கே நிற்கப்போவது ஒரு நாழிகைதான். அதன்பின் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அவ்வீட்டார் திறக்க மறுப்பார்கள். அப்போது தேவியாரின் ஆள் ஒருவர் அவருடன் நின்று, இவ்வம்மையார் சாவைக் கொண்டுவரவில்லை, கேட்க வந்திருக்கிறார் என்று சொல்லித் திறக்கச் செய்தருள வேண்டும்.

எம் களரியில் சேந்தனின் ஓலையை அதற்குரிய கட்டில் சேர்த்துவிட்டோம். அதற்குப் பக்கத்தில், அதே கயிற்றில், எழுதாத ஓலை ஒன்றைக் கோத்திருக்கிறோம். மூலையில் கரி பூசிக் கோதையாரே தம் கையால் கோத்தார். கடல் காய்ந்தாலும் வாக்கு காயாத வெண்கடம்ப நாட்டு முத்திரையை இதன் அடியில் இட்டு, ஆணையாக அன்று, யாசகமாக ஒன்று கேட்டு முடிக்கிறோம்: அச்சிறுமியின் பெயரைக் கண்டு எழுதி அனுப்புக.

இவை கீழைப்பொழிலூருடையான் நக்கன் அரவணையான் எழுத்து. முத்திரை நிலந்தாங்கு பெருமானடிகளுடையது.